முட்டுக்கிடாவும் ஒற்றை விரலும்

முன்னொரு காலத்தில் ஒரு தேசம் இருந்தது. எந்தக் காலம், எந்தத் தேசம் என்று கேட்காதீர்கள். கேட்டால் நான் ஒரு பெயரைச் சொல்லிவைப்பேன், அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மகாராஜாவின் பெயரை மட்டும் சொல்கிறேன்: தரணிவல்லபர். நல்ல மனிதர், பாரியான உடம்பு. சிங்காசனத்தில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது என்று சபையையே ஊஞ்சலுக்கு மாற்றிக்கொண்டவர்.

ஆமாம், ஊஞ்சல்தான். கொலுமண்டபத்தின் நடுவே பித்தளைச் சங்கிலிகளில் ஒரு தேக்குப் பலகை தொங்கும். அதில் திண்டு போட்டுச் சாய்ந்துகொண்டு மகாராஜா ஆடியபடியே வழக்குக் கேட்பார், ஆடியபடியே தீர்ப்புச் சொல்வார், வெற்றிலையும் ஆடியபடியேதான். பின்னால் நின்று ஊஞ்சலை ஆட்டுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. பலகை பின்பக்கம் வரும்போதெல்லாம் மகாராஜாவின் காது அவருடைய வாய்க்குப் பக்கத்தில் வந்து போகும். வேண்டியவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை, வேண்டாதவனைப் பற்றிக் கெட்டதாக நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளலாம். அதனால் அந்த இடத்துக்கு அரண்மனையில் எப்போதும் அடிதடிதான்.

வலது பக்கத்தைத் தலைமை மந்திரியான பிரதானி கங்காதரர் பிடித்துக்கொண்டார். இடது பக்கத்தைப் படைத்தலைவரான தளவாய் மதங்கராயர் பிடித்துக்கொண்டார். அந்தச் சபையில் ஒரு வழக்கமும் உண்டு. கீழ்ப் பதவிக்காரர் செய்த காரியத்தை மேல் பதவிக்காரர் செய்ய நேர்ந்தால், ஒரு பங்கு கூட்டித்தான் செய்ய வேண்டும். தளவாய் மகாராஜாவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தால் பிரதானி இரண்டு வைப்பார். தளவாய் இடுப்பு வரை குனிந்தால் பிரதானி முழங்கால் வரை குனிவார். அதற்காகவே அவருடைய தலைப்பாகை சபையிலேயே பெரியதாக இருந்தது, குனியும்போது அதைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே ஊஞ்சலை ஆட்டினால் என்ன ஆகும்? தளவாய் ஒரு தள்ளுத் தள்ளுவார். அதற்கு மேல் ஒரு பங்கு தள்ள வேண்டுமே என்று, பலகை திரும்பி வருவதற்குள் பிரதானி பாய்ந்து தள்ளுவார். வந்துகொண்டிருந்த ஊஞ்சல் பாதி வழியில் முட்டிக்கொண்டு நிற்கும். மகாராஜாவின் வயிறு முன்னால் போகும், தலை பின்னால் போகும், வெற்றிலைச் சாறு பட்டு வேட்டியில் வழியும். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டும். ஊஞ்சல் மட்டும் ஆடாது.

ஒரு நாள் மகாராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போதும்! எனக்கு இன்று ஆடிக்கொண்டே தூங்க வேண்டும். குலுங்கக் கூடாது. பின்னால் நின்று யாரும் மூச்சு வாங்கவும் கூடாது. அப்படி ஆட்டத் தெரிந்தவன் இந்தச் சபையில் ஒருவனாவது இருக்கிறானா?" என்று கத்தினார்.

"ஒரு விரல் போதுமென்றால் நான் இருக்கிறேன், மகாராஜா" என்று ஒரு குரல் வந்தது. அதுதான் ஏகாம்பரன், அரண்மனை விகடன். மகாராஜாவைச் சிரிக்க வைப்பது அவனுக்கு உத்தியோகம். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அந்த ஊஞ்சல் படும் பாட்டை அவன் வெகு நாளாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் ஆள்காட்டி விரலை நீட்டிப் பலகையின் விளிம்பில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். ஊஞ்சல் அசைந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பிரதானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏகாம்பரன் வாய்க்குள் ஏதோ பாட்டை முனகினான். பலகை போய், திரும்பி வந்து, இனி பின்னால் வர மாட்டேன் என்று நிற்கும் அந்தக் கணத்தில் மறுபடியும் ஒரு தட்டு. போய் வந்ததும் இன்னொரு தட்டு. அவன் ஊஞ்சலோடு சண்டை போடவே இல்லை. அது கிளம்பும்போதெல்லாம் கொஞ்சம் வழியனுப்பி வைத்தான், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஊஞ்சல் மண்டபத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஆற்றோட்டமாகப் போய் வந்தது. மகாராஜா குறட்டை விட்டார்.

விழித்து எழுந்ததும் மகாராஜா சொன்னார்: "இன்று முதல் என் ஊஞ்சலை ஏகாம்பரன் மட்டும் ஆட்டுவான்."

அன்றைக்குப் பிரதானி வீட்டில் மோர்க்குழம்பு. அவருக்குப் பிடித்த குழம்புதான், ஆனால் அவர் சோற்றை அளைந்துகொண்டே இருந்தார்.

"உப்புக் குறைவா?" என்று மனைவி செண்பகவல்லி கேட்டாள்.

"இல்லை."

"பின்னே ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"ஒரு விரல், செண்பகம். ஒரே ஒரு விரல். நான் இரண்டு கையாலும் தள்ளித் தோள்பட்டை இறங்கிப்போய் நிற்கிறேன். அவன் ஈ ஓட்டுகிறவன் மாதிரி ஒரு விரலை நீட்டுகிறான்!"

"நல்லதாயிற்று. உங்களுக்கு ஒரு வேலை குறைந்தது."

பிரதானி இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அவள் பேரில் தப்பில்லை. பொறாமைப்படுகிறவனுக்கு ஆறுதல் சொன்னால் அது அவனுக்கு வசவு மாதிரிதான் கேட்கும்.

தெருவில் இறங்கினால் எதிரே தளவாய் வந்துகொண்டிருந்தார். அவரும் சாப்பிடவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இத்தனை காலம் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் அன்றைக்குத் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். எனக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நல்ல காரியத்துக்குச் சேராத கைகள், ஒருவனைக் கவிழ்க்க வேண்டும் என்றதும் எவ்வளவு சுலபமாகச் சேர்ந்துவிடுகின்றன!

மறுநாள் காலையில் மகாராஜா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது இருவரும் போய் வணங்கி நின்றார்கள்.

"மகாராஜா, நாங்கள் இருவர் முழு மூச்சாகத் தள்ளியும் திணறிய ஊஞ்சலை ஒரு விரல் எப்படி ஆட்டும்? அதுவும் தங்கள் திருமேனியின் கனத்தோடு..." என்று ஆரம்பித்தார் பிரதானி.

"கனத்தை விடும். விஷயத்தைச் சொல்லும்."

"அது மந்திர விரல், மகாராஜா. தாங்கள் தூங்கும்போது அவன் தங்கள் காதருகே ஏதோ முனகுகிறான். என்ன ஓதுகிறான் என்று தாங்கள் அறிவீர்களா?"

"தூங்குகிறவன் எப்படி அறிவான்?"

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்றார் தளவாய்.

மகாராஜாவுக்கு உடம்பெல்லாம் எண்ணெய், உள்ளே குளிர். அவர் நல்லவர்தான், ஆனால் பேய் பிசாசு மந்திரம் என்றால் குழந்தை மாதிரி நடுங்குவார். "மந்திரவாதிக்கு நம் தேசத்தில் என்ன தண்டனை?" என்று கேட்டார்.

"மந்திரம் செய்த உறுப்பை வெட்டிவிட்டு எல்லைக்கு அப்பால் துரத்துவது" என்று தளவாய் உடனே சொன்னார். பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார். "மெய்யா பொய்யா என்று சோதிக்க வழி இருக்கிறது, மகாராஜா. இரும்புக்கு முன்னால் மந்திரம் பலிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். நம் படைமுற்றத்தில் முட்டுக்கிடா இருக்கிறதே, அதை அவன் அந்த ஒற்றை விரலால் ஆட்டிக் காட்டட்டும். முடிந்தால் விரல் சுத்தம். முடியாவிட்டால் அது மந்திர விரல்."

முட்டுக்கிடா என்பது ஆடு இல்லை. எதிரியின் கோட்டைக் கதவை இடித்துத் திறப்பதற்கான பெரிய மரம். ஒரு முழு மரத்தைச் செதுக்கி, முனையில் கொம்போடு கூடிய இரும்புக் கிடாத்தலையைப் பொருத்தி, உயரமான சட்டத்திலிருந்து சங்கிலிகளில் படுக்கையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கூட்டம் வீரர்கள் சேர்ந்து 'ஏலேலோ' போட்டால்தான் அது அசையும்.

ஏகாம்பரனை அங்கே கூட்டி வந்தார்கள். மகாராஜாவுக்குக் குடை பிடித்து ஆசனம் போட்டிருந்தது. ஊரே திரண்டிருந்தது. ஒரு ஓரத்தில் தண்டனையை நிறைவேற்றும் கொலையாளி கத்தியோடு நின்றான். ஏகாம்பரன் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. விகடம் பேசுகிறவனுக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

"ஒரு நாழிகைக்குள் ஆட வேண்டும். ஒரே விரல்" என்றார் மகாராஜா.

ஏகாம்பரன் கிடாவின் பின்பக்கம் போய் விரலால் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. ஊஞ்சலுக்கு முனகிய பாட்டை முனகிப் பார்த்தான், அது ஒத்துவரவில்லை. கிடாவின் சங்கிலி ஊஞ்சல் சங்கிலியைவிட நீளம், ஆகவே பாட்டை இன்னும் நிதானமாக இழுக்க வேண்டியிருந்தது. மரத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தான். மெல்லிய நடுக்கம் ஒன்று விரலுக்குத் தெரிந்தது. அது தன்னை விட்டு விலகிப் போகும்போது மட்டும் அழுத்தினான், திரும்பி வரும்போது விட்டுக்கொடுத்தான்.

ஓர் எறும்பு நகர்கிற தூரம் கிடா நகர்ந்தது. அப்புறம் ஒரு நெல் அளவு. பிரதானிக்கு முகம் கறுத்தது. அவர் முரசுக்காரர்களைப் பார்த்துக் கண் காட்டினார். அவர்கள் தாளம் தப்பிய தாளமாக முரசை அடிக்க ஆரம்பித்தார்கள், அவனுடைய பாட்டைக் குழப்புவதற்குத்தான். ஏகாம்பரன் பாட்டை நிறுத்திவிட்டான், கண்ணையும் மூடிக்கொண்டான். கிடாவே இப்போது அவனுக்குத் தாளம் சொன்னது. எப்போது தள்ள வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்த பிறகு காதுக்கு என்ன வேலை?

நாழிகை முடிவதற்குள் அந்தப் பெரிய மரம் சங்கிலி கிறீச்சிட ஆடியது. முன்வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். மகாராஜா எழுந்து நின்று கை தட்டினார்.

கை தட்டுகிற சத்தம் பிரதானியின் நெஞ்சில் போய் விழுந்தது. அவர் ஓடி வந்தார். "மகாராஜா, ஏமாறாதீர்கள்! இரும்பையே வசியம் செய்கிற பெரிய மந்திரவாதி இவன். இன்னொரு சோதனை வைப்போம். கிடாவை இழுத்து இரும்புத் தலையை இவன் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். அது போய்த் திரும்பி வந்து இவனை முட்டினால் இவன் மந்திரவாதி இல்லை. முட்டாமல் நின்றுவிட்டால் மந்திரவாதிதான்."

"நியாயமாகத்தான் தோன்றுகிறது" என்றார் மகாராஜா.

"ரொம்ப நியாயம், மகாராஜா" என்றான் ஏகாம்பரன். "நிரபராதி என்றால் எனக்கு மண்டை போகும், குற்றவாளி என்றால் விரல் போகும். ஆனால் ஒரு விண்ணப்பம். மந்திரம் என்றால் அது என் ஒருவனைத்தானே காப்பாற்றும்? நான் நின்ற பிறகு, நான் நின்றது போலவே வேறொருவரும் நிற்கட்டும். அவரையும் கிடா முட்டவில்லை என்றால், அது கிடாவின் சுபாவம், என் மந்திரம் இல்லை என்று தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்."

"ஒப்புக்கொள்கிறேன். அவரை முட்டிவிட்டால்?"

"விரலை எடுத்துக்கொள்ளுங்கள்."

அங்கே ஒரு கல்தூண் இருந்தது. ஏகாம்பரன் அதில் முதுகையும் தலையையும் ஒட்டவைத்துக்கொண்டு நின்றான். முன்னால் சாயக் கூடாது என்பதற்காகத்தான். கைகளைப் பின்னால் கொண்டுபோய்த் தூணைக் கட்டிக்கொண்டான். வீரர்கள் கிடாவை இழுத்து வந்து, இரும்புத் தலை அவன் மூக்கைத் தொடும்படி கயிற்றால் கட்டினார்கள். ஒரு வீரன் கயிற்றை வெட்டினான்.

கிடா போயிற்று. எதிர்ப்பக்கம் உயர்ந்து ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பியது. இரும்புக் கொம்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், ஏகாம்பரனும்தான் மூடிக்கொண்டான். காற்று முகத்தில் அடித்தது. மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் கிடா நின்று, யோசித்தது போல இருந்து, திரும்பிப் போயிற்று.

ஊர் ஆரவாரித்தது. மகாராஜா தன் விரலிலிருந்து மரகத மோதிரத்தைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். "இவன் நின்றது போல நிற்கிற வீரனுக்கு இந்த மோதிரம்!"

தளவாய் மீசையை முறுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தார். அவ்வளவுதான், பிரதானிக்குப் பொறுக்கவில்லை. அந்த மோதிரம் தளவாய் விரலிலா? பழைய பகை புது நட்பைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தது. "விலகும்! பிரதானி இருக்கும்போது தளவாய் முன்னால் போவதா?" என்று அவரைத் தோளால் இடித்துவிட்டுப் போய்த் தூணருகே நின்றார். தான் உயிர் பிழைத்தால் ஏகாம்பரனும் தப்பிவிடுவான் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பேர் மேல் பொறாமைப்படுகிறவருக்கு எதுதான் ஞாபகம் இருக்கும்?

"ஐயா, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்" என்றான் ஏகாம்பரன். அவன் பக்கத்திலேயே நின்றான். "சும்மா நின்றால் போதும். கிடாவுக்கு ஒன்றும் செய்யாதீர்கள்."

"எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா நீ?"

கிடாவை இழுத்துக் கட்டினார்கள். கயிற்றை வெட்டினார்கள். வெட்டிய அந்தக் கணத்தில், குடைக்குக் கீழே இருந்த மகாராஜாவுக்கு மறைவாக, பிரதானி இரண்டு கைகளையும் இரும்புக் கொம்பில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினார்.

கிடா போயிற்று. ஏகாம்பரனுக்குப் போனபோதைவிட அதிக தூரம், அதிக உயரம். பிரதானியின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு மலர்ந்தது. கிடா திரும்பி வர ஆரம்பித்தபோதும் அந்தச் சிரிப்பு அங்கேயே இருந்தது. ஏகாம்பரன் தாவி, அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தான். அவர் புழுதியில் விழுந்தார். அவர் மூக்கு இருந்த இடத்தைத் தாண்டிக் கிடா வந்தது. தலைப்பாகை கொம்பில் மாட்டிக்கொண்டது. அதையும் தூக்கிக்கொண்டு கிடா திரும்பிப் போய் ஆடியது. கோட்டையை இடிக்கும் கிடாத்தலையில் சரிகைத் தலைப்பாகை! கூட்டத்தில் சிரிக்காதவர்கள் இல்லை.

பிரதானி மட்டும் சிரிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிய கையைத் தட்டிவிட்டு எழுந்தார். "பார்த்தீர்களா மகாராஜா! என்னை முட்ட வந்தது! இவன்தான் ஏவிவிட்டான்! மந்திரம்! மந்திரம்!"

சிரிப்பு அடங்கியது. மகாராஜாவின் முகம் வாடிவிட்டது. "ஏகாம்பரா, முட்டத்தான் வந்தது. உன் வாயால் சொன்ன நிபந்தனை" என்றார். கொலையாளி முன்னால் வந்தான்.

பிரதானி தள்ளியதைப் பக்கத்தில் இருந்த வீரர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் பிரதானிக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாருக்கு நெஞ்சுத் துணிச்சல் வரும்? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஏகாம்பரன் அவர்களை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மகாராஜாவை வணங்கினான்.

"ஒப்புக்கொள்கிறேன், மகாராஜா. மந்திரம்தான்."

கூட்டம் திகைத்தது.

"கிடா எனக்கு எவ்வளவு தூரம் போனது, பிரதானிக்கு எவ்வளவு தூரம் போனது என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கயிற்றை வெட்டியதற்கு அது அவ்வளவு தூரம் போகுமா? போக வைத்தவன் நான். தொடக்கூட இல்லை, நின்ற இடத்தில் நின்றபடியே செய்தேன். ஒரு படையே சேர்ந்து தள்ளினாலும் அப்படி ஆடாது. விரல் போனால் போகட்டும், மகாராஜா. இந்த மைதானத்தில் ஒரு கல் நடச் சொல்லுங்கள். 'முட்டுக்கிடாவை மிக அதிக தூரம் ஆட்டியவன் ஏகாம்பரன்' என்று அதில் வெட்டச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர்கள் படிக்கட்டும்."

"கல்லா? உனக்கா?" என்று அலறினார் பிரதானி. "பொய்! அடே, நீயா ஆட்டினாய்? நான் தள்ளினேனடா! இதோ, இந்த இரண்டு கைகளாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் தள்ளினேன்! கல்லில் வெட்டுவதென்றால் என் பெயரை வெட்ட வேண்டும்!"

பிரதானி இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றார். உள்ளங்கை இரண்டிலும் இரும்புக் கொம்பின் துருக்கறை இருந்தது. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"தள்ளினீரா?" என்றார் மகாராஜா. "அவன் தள்ளவில்லையே. கையைக் கட்டிக்கொண்டல்லவா நின்றான்? அவன் நின்றது போலத்தானே நிற்கச் சொன்னேன்?"

பிரதானியின் குரல் இறங்கிவிட்டது. "மகாராஜா, ஒரு விகடன் நின்ற மாதிரியே ஒரு பிரதானியும் நிற்பதா? அப்புறம் அவனும் நானும் ஒன்றாகிவிட மாட்டோமா?"

மகாராஜா அவரைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த தலைப்பாகையைப் பார்த்தார். முதலில் அவருடைய தொந்தி குலுங்கியது, பிறகு தோள், பிறகு குடையே குலுங்கியது. ஆசனத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். கத்தியை இடுப்பில் செருகிவிட்டுக் கொலையாளியும் சிரித்தான்.

"ஏகாம்பரா, உனக்கு நின்ற கிடா அவருக்கு ஏனப்பா நிற்கவில்லை?" என்று சிரிப்பு அடங்கிய பிறகு கேட்டார்.

"கிடாவுக்குச் சொந்தமாக ஒன்றும் கிடையாது, மகாராஜா. நாம் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவரும். எனக்காக அதை மூக்கு உயரத்துக்கு இழுத்து நிறுத்தினார்கள். அது வழியில் காற்றுக்குக் கொஞ்சம் செலவு செய்துவிட்டு மீதியைக் கொண்டுவந்து காட்டியது. பிரதானி அதற்கு மேல் தன் கை பலத்தையும் சேர்த்துக் கொடுத்தார். அது அவரிடமே வந்து சேர்ந்தது."

மகாராஜா ஏகாம்பரனை அருகில் அழைத்தார். கொலையாளிக்கு நீட்ட வேண்டியிருந்த அந்த விரலைத் தானே பிடித்து, மரகத மோதிரத்தை அதில் போட்டார். தளவாயை எல்லைக் காவலுக்கு அனுப்பினார். பிரதானியைத் தண்டிக்கவில்லை. அதற்கு அவசியம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

மோதிரம் ஏகாம்பரன் விரலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கூட்டம் கலைந்து, முரசுக்காரர்கள் முரசைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் பிரதானி வெறுந்தலையோடு அங்கேயே நின்று அந்த மோதிரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மூக்கு முகத்தில் இருப்பதற்கு அவர் அன்று சந்தோஷப்படவே இல்லை.